எஸ்.ஐ. ஆக ஆசைப்படும் மகனைப் பற்றி ஒரு தாய்க்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ படிக்கும் மகன் எஸ்.ஐ. ஆகியே தீருவேன் என்று நிற்கிறான். அடிதடி, அலைச்சல், மேலிடத்துத் தொந்தரவு என்று பயந்து நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். இது பல வீடுகளில் நடப்பதுதான். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். கூடப் படித்த பையன் பைக் திருட்டு வழக்கில் மாட்டியதிலிருந்து, "அவன் நல்லவன்தானேம்மா, எப்படி இதுக்குப் போனான்?" என்று தம்பி திரும்பத் திரும்பக் கேட்கிறான் என்று. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

காக்கிச்சட்டை மேல் ஆசைப்பட்டு வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் குறைவு. இதை அவனிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.

சரி, முதலில் உங்கள் பயம். போலீஸ் வேலை லேசானது என்று நான் சொல்லப்போவதில்லை. திருடனைத் துரத்துவதைவிட பந்தோபஸ்து, மனு விசாரணை, கோர்ட் டூட்டி, கைதிக்கு வழிக்காவல் என்று போகும் நாட்கள்தான் அதிகம். காவலர்களுக்கு வார விடுப்பு கொடுக்க 2021-ல்தான் அரசாணை வந்தது. ஆள் குறைவான நிலையத்தில் அந்த ஒரு நாளும் திருவிழா, கட்சிக் கூட்டம் என்றால் பறிபோய்விடும். இதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு போகிறவன் தாங்குவான்.

அவன் கேள்விக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் ஒரு கூர்நோக்கு இல்லத்துக்கு வழிகாட்டிப் பேசப் போயிருந்தேன். பேசி முடித்ததும் ஒரு பையன் பின்னாலேயே வந்தான். கையில் கசங்கிய பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகம். "சார், ஹால் டிக்கெட் வாங்கித் தர முடியுமா? பரீட்சை மட்டும் எழுதிட்டு வந்துடுறேன்" என்றான். அங்கிருந்த மற்ற பிள்ளைகளிடம் பேசியபோது கதைகள் ஒன்றோடொன்று ஒட்டின. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நின்றுபோன படிப்பு. வீட்டில் குடி, அல்லது அப்பாவே இல்லை. செல்போனும் பிரியாணியும் வாங்கிக் கொடுத்து, வேலைக்குக் கூட்டிப்போன ஒரு 'அண்ணன்'. ஏழைப் பிள்ளைகள் எல்லாரும் திருடுவதில்லை, அப்படி நினைப்பது பெரும் பாவம். ஆனால் தடுத்து நிறுத்த ஒரு கைகூட இல்லாத பிள்ளைகளைத்தான் அந்த அண்ணன்கள் தேடிப் பிடிக்கிறார்கள்.

உசிலம்பட்டியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். பக்கத்துப் பெருங்காமநல்லூரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தம்பிக்காகச் சொல்கிறேன். 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு சமூகத்தில் பிறந்ததையே குற்றமாக்கியது. கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் போலீஸ் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3-ம் தேதி, ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஊர்மக்கள்மேல் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அதே அரசுதான் அந்தச் சட்டத்தில் சிக்கிய கள்ளர் சமூகத்துக்காக, அந்தப் பகுதியில் 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரில் பள்ளிக்கூடங்களையும் திறந்தது. அங்கே படித்து ஆசிரியர்களும் அதிகாரிகளும் வந்தார்கள். துப்பாக்கியால் முடியாததைக் கரும்பலகை செய்தது என்பது என் உறுதியான எண்ணம். சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது. பிடிப்பது மட்டுமே போலீஸ் வேலை என்றால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தம்பி தன் ஊர்க்கதையிலிருந்தே படிக்கலாம்.

இப்போது வழிகள். எஸ்.ஐ. தேர்வை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம். பட்டப்படிப்பு வேண்டும், 20 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 167. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். எந்தப் பட்டமும் செல்லும், குற்றவியல்தான் படிக்க வேண்டும் என்று எவராவது சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள். இரண்டாம் நிலைக் காவலருக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்பதால் பிளஸ் டூ முடித்ததும் எழுதிவிடுகிறேன் என்பான். விடாதீர்கள், முதலில் டிகிரி. டிஎஸ்பி ஆக குரூப் 1, ஐபிஎஸ் ஆக யுபிஎஸ்சி, இரண்டுக்கும் அது வேண்டும்.

ஆனால் இன்னொரு வாசலும் இருக்கிறது, பெற்றோர்கள் அதிகம் கேள்விப்படாதது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை வழக்கில் சிக்கினால் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வரும். அங்கே ஒரு நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்களும் உட்காருவார்கள். அந்தப் பிள்ளை ஏன் இப்படி ஆனது என்று நன்னடத்தை அலுவலரோ சமூகப் பணியாளரோ வீட்டுக்கும் பள்ளிக்கும் போய் விசாரித்து, 15 நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். தம்பி கேட்ட அதே கேள்விக்குச் சம்பளத்தோடு பதில் தேடும் வேலை இது. இதற்கு சமூகவியல், உளவியல் அல்லது சமூகப் பணியில் பட்டம், அப்புறம் எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணியில் முதுகலை) அல்லது குற்றவியலில் முதுகலை. நெல்லை மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது. குறையையும் சொல்கிறேன்: நிரந்தரப் பணியிடங்கள் கொஞ்சம்தான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம்.

அதனால் என் யோசனை: பி.ஏ. சமூகவியல் அல்லது சமூகப் பணியில் சேருங்கள். மூன்று வருடமும் காலையில் ஓடட்டும், மாலையில் படிக்கட்டும். பட்டம் வாங்கும்போது இரண்டு வாசலும் திறந்திருக்கும். எஸ்.ஐ. ஆனாலும் வீணில்லை. நிலையத்துக்கு ஒரு சிறுவனைக் கூட்டிவரும்போது, அடிப்பதற்கு முன் எத்தனாவது வரை படித்தாய் என்று கேட்கிற அதிகாரி நம் ஊருக்குத் தேவை.

பைக் வழக்கில் சிக்கிய அந்தப் பையனைப் பார்க்கத் தம்பி போக விரும்பினால் தடுக்காதீர்கள், கூடவே நீங்களும் போங்கள். பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்றா என்று அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.