'இருந்தா' பக்கம் ஒண்ணு, 'இருக்கும்' பக்கம் ஒண்ணு

கேள்வி: ஆறு மாசமா ஆன்லைன்ல ஸ்பானிஷ் படிக்கிறேன். பேசிப் பழக பில்பாவோல ஒரு தோழி கிடைச்சாங்க. பணம் இருந்தான்னு சொல்ல அவங்க 'சி தெந்த்ரியா தினேரோ'ங்கறாங்க, அதையே டெஸ்ட்ல எழுதினா டீச்சர் சுழிச்சுட்டாங்க. யார் சொல்றது சரி? – வாசகி, கோவை

பதில்: டெஸ்ட்டுக்கு டீச்சர் சொல்றதுதான் சரிங்க, ஆனா தோழிக்கு ஸ்பானிஷ் தெரியலைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. பில்பாவோ இருக்கற பாஸ்க் பகுதி, நவார்ரா, லா ரியோஹா, புர்கோஸ்னு ஸ்பெயினோட வடக்குப் பக்கம் நிறைய பேர் வீட்ல பேசுறதே அப்படித்தான், நம்ம ஊர்ல வட்டாரத்துக்கு ஒரு பேச்சு இருக்கற மாதிரி அது அவங்க ஊர்ப் பேச்சு. எழுத்துலயும் பரீட்சையிலயும் ஏத்துக்கறது வேற.

டீச்சர் எதிர்பாக்கறது இது: 'சி துவியேரா தினேரோ, தெந்த்ரியா ஊனா காசா.' பணம் இருந்தா ஒரு வீடு இருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிடுங்க, ஏன்னா 'தெனேர்'ங்கற ஒரே வினைச்சொல் இதுல ரெண்டு தடவை ரெண்டு உருவத்துல வருது, தமிழ்லயும் 'இரு'ங்கறது அதே மாதிரி 'இருந்தா', 'இருக்கும்'னு ரெண்டு தடவை வருது பாருங்க. நம்ம 'இருந்தா' நிக்கிற எடத்துல துவியேரா, 'இருக்கும்' நிக்கிற எடத்துல தெந்த்ரியா. நாம பேசும்போது ரெண்டையும் மாத்திப் போடவே மாட்டோம், 'பணம் இருக்கும் வீடு இருந்தா'ன்னு யாராவது சொல்வோமா, அதனால சந்தேகம் வர்றப்ப முதல்ல தமிழ்ல சொல்லிப் பாத்துட்டு அப்புறம் ஸ்பானிஷ்ல போடுங்க.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. 'தெந்த்ரியா வெய்ந்தே ஆஞ்ஞோஸ்'னா இருபது வயசு இருக்கும்னு அர்த்தம், அதாவது கல்யாணம் ஆனப்ப அவருக்கு ஒரு இருபது வயசு இருக்கும்னு பழைய கதையை உத்தேசமா சொல்வோமே, அதே தொனி. இங்கிலீஷ் வழியா படிக்கிறவங்க இதுல திணறுவாங்க, நமக்கு விளக்கமே தேவையில்லை.

கேள்வி: தெனேர்ல நடுவுல இல்லாத 'த' தெந்த்ரியா நடுவுல எங்கேர்ந்து வந்துச்சு? – வாசகர், திருச்சி

பதில்: வழக்கமா முழு வினைச்சொல்லோட 'இயா' ஒட்டினா போதும், கோமேர் கோமெரியா ஆகுது, சாப்பிடுவேன்ங்கற மாதிரி. அந்த 'இயா'வே 'அபியா'ங்கற துணைவினையோட வால்தான், ரொம்ப காலம் முன்னாடி தனிச்சொல்லா இருந்து பின்னாடி ஒட்டிக்கிட்டது. தெனேர்ல நடுவுல இருந்த 'எ' தேஞ்சு போக, ன்-னும் ர்-ரும் மோதிக்கிச்சு, வாய் சுலபமா தாண்ட நடுவுல ஒரு 'த' முளைச்சுது. வெனீர் வெந்த்ரியா ஆனதும், போனேர் போந்த்ரியா ஆனதும் இப்படித்தான். 'இயா'வுக்கு முன்னாடி வர்ற அடிச்சொல் மாறுற அடிப்படை வினைச்சொல் மொத்தமே ஒரு டஜன்தான், எதிர்காலத்துக்கும் அதே அடிதான், அதனால ஒரு தடவை படிச்சா ரெண்டு வேலை முடிஞ்சுது.

கேள்வி: கெரியா, கெறியா ரெண்டும் எனக்கு ஒரே மாதிரி கேக்குது. – வாசகி, சென்னை

பதில்: ர-வும் ற-வும்தான் வித்தியாசம்! கெரேர்னா விரும்புறது. கெரியா இறந்தகாலம், கெறியா 'விரும்புவேன்'. இங்கயும் 'எ' விழுந்ததால ரெண்டு ர் சேந்து ற மாதிரி உருளுது. கன்னியாகுமரிப் பக்கம் ஆளுங்க 'மறம்', 'மரம்' சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க, பிடிபட்டுடும். கடையில காபி கேக்கறதுக்கு இந்தக் கவலையே வேண்டாம், கெரியான்னாலும் மரியாதைதான், கெரேரோட துவியேரா மாதிரி உருவமான 'கிசியேரா'ன்னு கேட்டா இன்னும் மரியாதை.