பையில் என்ன வாங்கி வந்தீர்கள்?

போன இதழில் "கடைசியாக என்ன புத்தகம் வாங்கினீர்கள்?" என்று ஒரே ஒரு வரி கேட்டிருந்தோம். பட்டியல் வரும் என்று பார்த்தால், கூடவே சந்தேகம், புகார், வீட்டுச் சண்டை எல்லாம் வந்திருக்கின்றன. இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் போன தடவை 14 புத்தகம் வாங்கினேன். படித்து முடித்தது இரண்டு. இந்தத் தடவை மறுபடியும் 9. "மொதல்ல இருக்கிறதைப் படிங்க, அப்புறம் வாங்கலாம்" என்கிறார் மனைவி. இது ஒரு வியாதியா?
(ஆசிரியர், மேலூர்)

வியாதி என்றால் எனக்கு அது முற்றிப்போய் ரொம்ப நாளாகிறது சார். எங்கள் வீட்டம்மா போடிக்காரர். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும் எங்கள் சொந்தக்காரர்கள் அவரை "தேனிப் பக்கத்துப் பொண்ணு" என்றுதான் சொல்வார்கள், அதில் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு, அது வேறு கதை. அவர் ஒருநாள் பீரோவுக்கு மேலே அடுக்கியிருந்ததை எல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டு, "இதுங்ககிட்ட வாடகை வாங்கியிருந்தா மாடியில ஒரு ரூம் போட்டிருக்கலாம்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

வாங்குகிற ஆசை வேறு, படிக்கிற ஆசை வேறு. படிக்காத புத்தகம் வீட்டில் கிடப்பதில் தப்பே இல்லை, என்றைக்காவது ஒரு மழை நாளில் கரண்ட் போன நேரத்தில் அது கைக்கு வரும். ஆனால் பிரித்தே பார்க்காத புத்தகம் கிடக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு ஆகாது. கடைப் பையோடு கட்டிலுக்கு அடியில் போனதை நீங்கள் மறந்துவிடுவீர்கள், அடுத்த வருஷம் அதையே மறுபடி வாங்குவீர்கள். நான் ஒரே புத்தகத்தை மூன்று தடவை வாங்கியவன், அனுபவத்தில் சொல்கிறேன்.

தமுக்கத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போய் மேலூர் பஸ்ஸில் சீட் பிடித்தால், வண்டி நிறைந்து கிளம்ப எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும் இல்லையா, அதற்குள் பையில் இருக்கும் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் படித்துவிடுங்கள். எது இழுக்கிறதோ அது மடியில் இருக்கட்டும். வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் தேதி எழுதுங்கள். இரண்டு பக்கம்கூட ஓடாத ஒன்று நிச்சயம் இருக்கும், அதை உங்கள் பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம், வீட்டிலும் "ஒண்ணு குறைச்சாச்சு" என்று சொல்லிக்கொள்ளலாம்.

பொன்னியின் செல்வன் வாங்கப் போனேன். ஒரு கடையில் ஒரு விலை, பக்கத்துக் கடையில் அதைப்போல மூன்று மடங்கு. இரண்டுமே ஐந்து பாகம்தான் என்கிறார்கள். குறைந்த விலையில் வாங்கினால் ஏமாந்துவிடுவேனா?
(கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்)

இதே கேள்வி நான்கைந்து பேரிடமிருந்து வந்திருக்கிறதும்மா, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கல்கியின் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அதாவது குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து உரிமையை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாம். அது இல்லாவிட்டாலும், நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் ஆனால் பதிப்புரிமை போய்விடும், கல்கி காலமானது 1954இல். ஆகவே குறைந்த விலைக்காரர் திருட்டுப் பதிப்பு போடவில்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அப்படியானால் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? தாள், எழுத்தின் அளவு, கட்டு, படம், இந்த நான்கில்தான். குறைந்த விலைப் பதிப்பில் பெரும்பாலும் எழுத்து பொடிசாக இருக்கும், வரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், உங்கள் வயதில் அது தெரியாது, அதையே உங்கள் அப்பா கையில் கொடுத்துப் பாருங்கள், கண்ணாடியைத் தேடுவார். கட்டைப் பார்க்கப் புத்தகத்தின் முதுகை மேலிருந்து உற்றுப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கட்டாக மடித்து நூலால் தைத்திருந்தால் பல வருஷம் உழைக்கும். வெறும் பசையில் ஒட்டியிருந்தால், இந்தத் தடிமனுக்கு, நாலு பேர் வாங்கிப் படித்ததும் நடுவில் பிளந்து பக்கம் பக்கமாகக் கையோடு வரும். பத்திரிகையில் தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்கள் சில பதிப்புகளில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. படம் வேண்டும் என்றால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், எனக்கு வேண்டும்.

முக்கியமான ஒன்று, கடையில் நின்றபடியே செய்துவிடலாம். ஒவ்வொரு பாகத்திலும் கடைசி அத்தியாயத்தின் எண்ணைப் பாருங்கள். முதல் பாகத்தில் 57, இரண்டில் 53, மூன்றிலும் நான்கிலும் 46, ஐந்தில் 91, மொத்தம் 293. கணக்கு சரியாக வந்தால் முழுசு. குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு, "சுருக்கம்" என்ற வார்த்தையை அட்டையில் எங்கேயாவது ஒரு மூலையில் போட்டிருப்பார்கள். எண் சரியாக இருந்தாலும் நடுவே இரண்டு மூன்று இடத்தில் திறந்து ஒரு பத்தி படியுங்கள், ஒரு பத்திக்கு ஒரு எழுத்துப் பிழை என்று இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

பத்து சதவீதத் தள்ளுபடிக்கு மேல் பேரம் பேசலாமா?
(வாசகர், திருமங்கலம்)

திருவிழாவில் அந்தப் பத்துதான் வழக்கம். கடைசி நாள் சாயங்காலம், மூட்டை கட்டும் நேரத்தில், சிலர் தாமாகவே கூடக் கொடுப்பார்கள், ஆனால் அதற்குள் நல்லது போயிருக்கும். அப்புறம், அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. பில்லில் அந்த வரி இருந்தால் கேளுங்கள்.

புது மண்டபத்தில் பழைய புத்தகம் வாங்கி வளர்ந்தவன் நான். இப்போது போனால் கடையே இல்லை. பழைய புத்தகத்துக்கு எங்கே போவது, வாங்கும்போது எதைப் பார்ப்பது?
(வாசகர், உசிலம்பட்டி)

அண்ணே, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தத் தையல் மிஷின் சத்தம்தான் கேட்டது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய அந்த மண்டபத்தில், தூணுக்குத் தூண் சிலை, சிலைக்குக் கீழே வளையல், பாத்திரம், துணி தைக்கிறவர்கள், அப்புறம் நம்ம புத்தகக்காரர்கள். மே மாசக் கடைசியில் பாடப் புத்தகத்துக்கும் நோட்ஸுக்கும் கூட்டம் அலைமோதும். கடைகளைப் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான், புகையும் ஆணியும் இல்லாமல் சிலைகள் மூச்சு விடும், அதை மறுக்கவில்லை. ஆனால் யாளிக்குக் கீழே குத்தவைத்துப் பக்கம் புரட்டியவனுக்கு ஷட்டர் போட்ட கடையில் அந்தச் சுகம் வராது. சத்திரத்தில் ஒரு சுற்று சுற்றுங்கள், முழுத் திருப்தி கிடைக்காவிட்டால் உங்கள் ஊர்ப் பழைய பேப்பர்க்காரரிடம் சொல்லி வையுங்கள். எடைக்குப் போடுகிறவர்கள் வீட்டிலிருந்துதான் நல்ல புத்தகம் வருகிறது. தாத்தா இறந்து பதினாறாம் நாள் முடிந்ததும் முதலில் வெளியே போவது அவர் அலமாரிதானே.

வாங்கும்போது முதலும் கடைசியும் எட்டு எட்டுப் பக்கம் இருக்கிறதா பாருங்கள், கிழிவது அங்கேதான். நூலக முத்திரை இருந்து, நீக்கியதற்கான முத்திரை இல்லை என்றால் வேண்டாம், யாரோ திருப்பிக் கொடுக்காதது. நடுவே ஏதாவது செருகியிருந்தால் கடைக்காரர் பார்ப்பதற்குள் மூடிவிடுங்கள் (சும்மா சொல்கிறேன்). எனக்கு இதுவரை கிடைத்தவை: விபூதிப் பொட்டலம், மயிலிறகு, மருந்துச் சீட்டு, ஒரு தடவை முகூர்த்தமே முடிந்து பத்து வருஷமான கல்யாணப் பத்திரிகை. காசு மட்டும் கிடைத்ததே இல்லை.

புதிதாக வாங்கிய புத்தகங்களில் ராமபாணம் விழுந்து ஊசி குத்தியதுபோல ஓட்டை போட்டிருக்கிறது. பாச்சா உருண்டை போட்டும் போகவில்லை.
(வாசகி, வாடிப்பட்டி)

ஓட்டை போட்டது ராமபாணம் இல்லை அக்கா, பாவம் அது மேல பழி போடாதீர்கள். வெள்ளி நிறத்தில் வால் வைத்து ஓடுமே, அது பசையையும் அட்டையையும் மேலாகச் சுரண்டித் தின்னும், ஓரத்தை அரிக்கும். வட்டமாகத் துளைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போவது ஒரு சின்ன வண்டின் புழு. ஓட்டைக்குக் கீழே மாவுபோலப் பொடி கொட்டியிருந்தால் அது இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அந்தப் புத்தகங்களைத் தனியாக எடுத்து, பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஃப்ரீசரில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். சிரிக்காதீர்கள், பெரிய நூலகங்களே குளிரில் வைத்துத்தான் பூச்சியைக் கொல்கிறார்கள், அவர்கள் ஃப்ரீசர் இன்னும் குளிர்ச்சி, அதனால்தான் நமக்கு நாள் கூடத் தேவை. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒருநாள் முழுக்க அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் தாள் வியர்த்து நனைந்துவிடும். அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஈரம்தான் எல்லாவற்றுக்கும் வேர். ஓலைச்சுவடி வைத்திருந்தவர்கள் வசம்பு போட்டார்கள், நானும் துண்டுத் துணியில் முடிந்து போடுகிறேன், வந்த பூச்சியை அது கொல்லாது, வரவிருப்பதைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் பாச்சா உருண்டை வேண்டவே வேண்டாம், மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும்.

எல்லாரும் வாங்கியதைச் சொல்கிறார்கள். வாங்கக் காசில்லாத நான் என்ன பட்டியல் அனுப்புவது?
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், அலங்காநல்லூர்)

எடுத்துப் படித்ததை அனுப்பு தம்பி, அதையும் போடுவோம். சொல்லப்போனால் அந்தப் பட்டியல்தான் நம்பகமானது, எடுத்தவன் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதிக்குள் திறந்தாவது பார்த்திருப்பான். புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. தேர்வுப் புத்தகத்துக்கு நடுவே கதைப் புத்தகம் ஒன்றையும் மேஜையில் வைத்துக்கொள்.

காசிருந்தும் புத்தகம் கிடைக்காத காலம் ஒன்று இதே ஊரில் இருந்தது. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரைக்குப் பேச வந்த இடத்தில் குறளும் கம்பராமாயணமும் பார்க்கக் கேட்டாராம், தேடித் தேடிப் பார்த்தும் யாரிடமும் அகப்படவில்லையாம். அந்த ஆற்றாமையில்தான் 1901இல் இங்கே நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கினார் என்று சொல்வார்கள். தமிழ் வளர்த்த மதுரையில், ஒரு திருக்குறள் இல்லை!

ஊரையெல்லாம் கேட்கிறீர்களே, நீங்கள் கடைசியாக வாங்கியது என்ன?
(வாசகி, செல்லூர்)

மாட்டிக்கொண்டேன். போன வாரம் பழைய புத்தகக்காரர் ஒருவரிடம் 30 ரூபாய்க்கு ஒரு பள்ளிக்கூடப் பூகோளப் புத்தகம். 1970களில் அச்சானது, அட்டை இல்லை, உலகப் படத்தில் ஆஸ்திரேலியாவுக்கு யாரோ பேனாவில் மீசை வரைந்திருக்கிறார்கள். "இதுல என்னண்ணே இருக்கு?" என்றார் கடைக்காரர். உள்ளே மதுரை மாவட்டப் படம் இருந்தது. திண்டுக்கல் 1985இலும் தேனி 1996இலும் பிரிவதற்கு முந்தைய மதுரை. கொடைக்கானல், பழனி, பெரியகுளம், கம்பம் எல்லாம் ஒரே கோட்டுக்குள். அதை மேஜை மேல் விரித்து வைத்திருந்தேன், எங்கள் வீட்டம்மா காபியோடு வந்தவர் நின்று பார்த்தார், போடியின் மேல் விரலை வைத்தார். "அப்ப நான் பொறந்தப்ப மதுரைக்காரிதானே?" என்றார். புத்தகம் இப்போது அவருடைய பீரோவில் இருக்கிறது, அடுத்த கல்யாண வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறாராம்.