மண்ணில் வெள்ளை நூல்: மருந்து ஊற்றும் முன் தண்டடியைப் பாருங்கள்

கேள்வி: செந்தூலில் வீட்டுப் பின்புறம் கத்தரி, மிளகாய் போட்டிருக்கிறோம். செம்மண் இறுகிக் கிடந்ததால் மரத்தூள் கலந்தோம். இப்போது மண்ணெங்கும் வெள்ளை நூல். அடி இலைகள் மஞ்சளாகின்றன. பூஞ்சைக்கொல்லி ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். முதலில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். அங்கே விசிறிபோல் வெள்ளைப் படலமும் கடுகளவு பழுப்பு மணிகளும் இருந்தால் அது ஸ்கிளிரோஷியம் அழுகல் என்ற பூஞ்சை நோய். செடியைச் சுற்றுமண்ணோடு பெயர்த்துக் குப்பையில் போடுங்கள். எருக்குழியில் போடவே கூடாது, அந்த மணிகள் வருடக்கணக்கில் தாங்கும். தண்டு சுத்தமாக இருந்து, நூல் மரத்தூளைச் சுற்றியே படர்ந்திருந்தால் அது மட்கவைக்கும் பூஞ்சை.

அது செல்லுலேஸ் என்ற நொதியை வெளியே கசியவிட்டு, மரநாரைச் சர்க்கரையாக்கி உறிஞ்சுகிறது. மரத்திலுள்ள லிக்னின் என்ற கடினமான பொருளை உடைக்க லாக்கேஸ், பெராக்சிடேஸ் நொதிகள். உடல் வளர அதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். நன்றாக மட்க, ஒரு பங்கு தழைச்சத்துக்குக் கரிமம் (கார்பன்) 25 முதல் 30 பங்கு இருந்தால் போதும். மரத்தூளிலோ அது பல நூறு பங்கு. பற்றாக்குறையை மண்ணிலிருந்து பூஞ்சை எடுத்துக்கொள்ள, செடி பட்டினி கிடக்கிறது. செடி பழைய இலையின் சத்தைப் புதுத் தளிருக்கு அனுப்புவதால்தான் அடி இலை முதலில் மஞ்சளாகிறது.

சதுர மீட்டருக்கு 20 கிராம் யூரியாவை 10 லிட்டர் நீரில் கரைத்து, ஈர மண்ணில் மாலையில் ஊற்றுங்கள். இரண்டு வாரத்தில் புது இலை பச்சை பிடிக்காவிட்டால் இன்னொரு முறை. யூரியா வேண்டாதவர்கள் அதே பரப்புக்கு நன்கு மட்கிய கோழி எரு 1 கிலோ போடலாம். பச்சை எரு வேரைச் சுட்டுவிடும். சுண்ணாம்பு போடுவதாக இருந்தால் சில வாரம் இடைவெளி விடுங்கள், சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

இனி மரத்தூளைப் புதைக்காதீர்கள். 3 செ.மீ. மூடாக்காக, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். பூஞ்சை படர்ந்த மூடாக்கு காய்ந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்துமுத்தாக உருண்டோடும். மேல்பரப்பை லேசாகக் கீறிவிட்டு ஊற்றுங்கள்.

நம் செம்மண் அமிலத்தன்மை உள்ளது. மணிச்சத்தை (பாஸ்பரஸை) மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும். பூஞ்சையின் பாஸ்பட்டேஸ் நொதி இலைதழை மட்கிலுள்ள மணிச்சத்தைத்தான் விடுவிக்கும், இரும்பு பிடித்ததை அல்ல. ஆகவே மட்கு தொடர்ந்து சேரவேண்டும்.

மண் இறுக்கம் குறைகிறதா என்று பார்க்க, உலர்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளை நீரில் போடுங்கள். உடனே சேறாகக் கரைந்தால் பிணைப்பு இல்லை. சில நிமிடம் உருக்குலையாமல் நின்றால் பூஞ்சை நூல் துகள்களைக் கட்டத் தொடங்கிவிட்டது. மழைநீர் உள்ளே இறங்கும். அதன்பின் வாராவாரம் கொத்தாதீர்கள், நூல் அறுந்து மண் பழையபடி இறுகிவிடும்.