ரேஸ் டிராக்கில் பைக் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளிகளில் எதில் சேரலாம்? சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு அது தேவையா?

கேள்வி கேட்டவர் கேடிஎம் டியூக் 390 வைத்திருக்கிறார். வால்பாறைக்கும் கொல்லிமலைக்கும் அடிக்கடி போய்வருகிறார். பந்தயத்தில் இறங்கும் எண்ணம் இல்லை, ஓட்டும் திறமை கூடினால் போதும் என்கிறார். எனக்கு முன் பதில் எழுதிய ஒரு நண்பர், “கையில் பணம் மிஞ்சினால் போங்கள், இல்லாவிட்டால் மலைப்பாதையே பள்ளிக்கூடம்” என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார். அந்த இரண்டாவது வரி சுருக்கென்று தைத்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வால்பாறை ஏற்றத்தில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் எழுபது. எதிலாவது ஒரே வளைவை அடுத்தடுத்து ஐந்து முறை ஓட்டிப் பார்க்க முடியுமா? ஒன்பதாவது வளைவில் ஏதோ சரியாக வரவில்லை என்று மனதில் படுவதற்குள் பத்தாவது வந்துவிடும். அங்கே எதிரே அரசுப் பேருந்து, ஓரத்தில் சரளைக்கல், நடுவில் குரங்குக்குப் பழம் போடும் குடும்பம். டிராக்கில் அதே வளைவு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும், எதிரே யாரும் வரமாட்டார்கள். தடத்தை விட்டு விலகினால் பள்ளத்தாக்கு இல்லை, மண்தரைதான். மலைப்பாதையில் கூடுவது பெரும்பாலும் துணிச்சல். துணிச்சலோடு ஊர் திரும்பாத இருவரை எனக்குத் தெரியும், அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

உங்களுக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். வளைவில் வண்டியைச் சாய்க்கவே இல்லை, டயரின் ஓரம் தேயவே இல்லை என்று நண்பர்கள் கிண்டல் செய்திருப்பார்கள். முழங்கால் தரையில் உரசும் புகைப்படம் ஒன்று வேண்டும் என்ற ஆசையும் உள்ளே இருக்கும். இல்லையென்றால் மன்னியுங்கள். எனக்கு ஐம்பது நெருங்குகிறது. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வண்டி அப்பாச்சி 200. எந்தப் பள்ளிக்கும் நான் ஏஜெண்ட் அல்ல, கமிஷனும் கிடையாது. இப்படி எழுதினால் உடனே அந்தச் சந்தேகத்தோடு சிலர் வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். டிராக் வேறு, பள்ளி வேறு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் 3.717 கிலோமீட்டர் தடம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது. அது வருவதற்கு முன்பு சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் நடக்கும். எங்கள் ஊர்ச் செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. நீளம் குறைவு, வளைவுகள் நெருக்கம், சிறிய வண்டிக்கு அருமையான இடம். பெரும்பாலான பள்ளிகள் இப்படிப்பட்ட தடங்களைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துத்தான் வகுப்பு நடத்துகின்றன. ‘டிராக் டே’ என்று விளம்பரம் வந்தால் பெரும்பாலும் தடத்தை உங்களுக்குத் திறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். யாரும் கற்றுத்தர மாட்டார்கள். இது தெரியாமல் பணம் கட்டிவிட்டுப் பிறகு புலம்புகிறவர்கள் ஏராளம்.

நான் முதலில் போனது ஒரு நாள் முகாம். பெயர் வேண்டாம். விளம்பரத்தில் முழங்காலும் முழங்கையும் தரையில் படும்படி ஒருவர் படுத்துக்கொண்டு போவார், அருமையான படம். போனால் நாற்பது பேருக்கு மூன்று பயிற்றுநர்கள். காலை முழுக்க அவர்கள் பின்னால் வரிசையாக, கோவில் யானைக்குப் பின்னால் ஊர்வலம் போவதுபோலப் போனோம். மதியம் பிரியாணி. அது நன்றாகவே இருந்தது, குறை சொல்ல மாட்டேன். பிற்பகலில் அவரவர் விருப்பம்போல் ஓட்டினோம். வளைவின் பாதியில் வண்டி வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு போகிறதே, என்ன காரணம் என்று ஒரு பயிற்றுநரைக் கேட்டேன். “ஓட்ட ஓட்டத் தன்னம்பிக்கை வந்துவிடும் சார்” என்றார். மாலையில் சான்றிதழ், குழுப் புகைப்படம். இருபது வருடமாக வார்ப்பில் விரிசல் தேடிப் பிழைக்கிறவன் நான். ஒரு பம்ப் கசிகிறது என்று வாடிக்கையாளர் சொன்னால், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று பதில் எழுதி அனுப்ப முடியுமா?

பிறகுதான் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த கலிஃபோர்னியா சூப்பர்பைக் பள்ளியில் முதல் நிலைக்குப் பதிவு செய்தேன். கீத் கோட் என்ற அமெரிக்கர் 1980இல் தொடங்கியது. கட்டணம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அப்போது வாங்க நினைத்திருந்த சைலன்சரையும் மற்ற அலங்காரச் சாமான்களையும் கூட்டிப் பார்த்தேன், கணக்கு ஏறக்குறைய சமமாக வந்தது. வாடகை லெதர் சூட்டில் என் தொப்பைக்கு ஜிப் ஏறவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்து மூடினார்கள். அதைப் பார்த்துச் சிரித்த பையன்கள் என் மகன் வயதுக்காரர்கள், போகட்டும்.

அங்கே முதல் ஓட்டத்துக்கு விதி என்ன தெரியுமா? நான்காவது கியர் மட்டும், பிரேக்கைத் தொடக்கூடாது. என் பக்கத்தில் ஆயிரம் சிசி பைக்கோடு நின்ற ஒருவருக்கு முகமே சுருங்கிவிட்டது. ஆனால் பிரேக்கும் கியரும் இல்லாதபோது மிச்சம் இருப்பது ஆக்சிலரேட்டர் ஒன்றுதான். அதை எங்கே மூடுகிறோம், எங்கே திறக்கிறோம் என்பதைத் தவிர மனதுக்கு வேறு வேலை இருக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் வகுப்பறை, ஓட்டத்தில் ஒரே ஒரு பாடம். ஆக்சிலரேட்டர், திரும்பும் இடம், வேகமாகத் திருப்புதல், கைகளைத் தளர்வாக வைத்தல், பார்வையை நகர்த்தும் முறை என்று அன்றைக்கு ஐந்து பாடங்கள்.

ஒரு பயிற்றுநருக்குச் சில மாணவர்கள்தான். அவர் நமக்குத் தெரியாமல் சில வளைவுகள் பின்னால் வந்து பார்ப்பார். பிறகு முந்திப்போய்த் தன் வண்டியின் வாலைத் தட்டிக் காட்டுவார், பின்னால் வா என்று அர்த்தம். ஓட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் என்னிடம் குறை எதுவும் சொல்லவில்லை. “அந்த இரண்டாவது வளைவில் உங்கள் வலது மணிக்கட்டு என்ன செய்தது?” என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வண்டியில் உட்காரச் சொல்லி, ஹேண்டில்பாரைப் பிடிக்கவைத்து, என் முழங்கையை இரண்டு விரலால் மேலே தட்டினார். அசையவில்லை, கட்டைபோல் நின்றது. வளைவின் நடுவில் பயம் வந்ததும் நான் ஆக்சிலரேட்டரை நூலளவு மூடுகிறேன் என்றார். மூடினால் எடை முன்சக்கரத்துக்குப் போகும், முன் சஸ்பென்ஷன் அமுங்கும், வண்டி எடுத்த கோட்டை விட்டு வெளியே நகரும். நகர்ந்ததும் பயம் கூடும், கை இன்னும் இறுகும். இறுகிய கை ஹேண்டில்பாரைத் தவறான பக்கம் தள்ளும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும் என்பது சைக்கிளுக்கும் பொருந்துகிற இயற்பியல்தான். ஆனால் இரண்டு கையும் இறுகினால் ஒன்று தள்ளுவதை மற்றொன்று தடுக்கும். முகாமில் ‘தன்னம்பிக்கை’ என்று சொல்லி அனுப்பிய விஷயம் இதுதான். அடுத்த ஓட்டத்தில் மணிக்கட்டை மட்டும் கவனித்தேன், வண்டி கோட்டிலேயே நின்றது.

இதைச் சொல்லும்போது அந்த விடுமுறை விவகாரம் நினைவுக்கு வந்து வயிறு எரிகிறது. வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு கேட்டுக் காரணத்தில் ‘பயிற்சி வகுப்பு’ என்று உண்மையை எழுதினேன். என்ன பயிற்சி என்று கூப்பிட்டு விசாரித்து, “இந்த வயதில் ரேஸா?” என்று மூன்று பேர் முன்னிலையில் சிரித்தார் எங்கள் மேலாளர். அதே வாரம் பக்கத்து மேசைக்காரர் மைத்துனியின் புதுமனைப் புகுவிழா என்று எழுதினார், கேள்வியே இல்லாமல் கையெழுத்து. கிரிக்கெட் பார்க்க வெளிநாடு போய் வந்தவருக்குக் கேக் வெட்டினார்கள். நம் அலுவலகங்களில் உண்மையான காரணம் எழுதுகிறவனுக்குத்தான் விடுப்பு கிடைக்காது. சரி, இது இந்தக் கேள்விக்குத் தேவையில்லாதது.

அந்த ஒரு பள்ளிதான் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. பந்தயம்தான் நோக்கம் என்றால் பைக் பந்தய வீரர் ரஜினி கிருஷ்ணன் சென்னையில் நடத்தும் பயிற்சிக்கூடம் போன்ற இடங்கள் பொருத்தம். அப்பாச்சிக்காரர்களுக்கு டிவிஎஸ் நிறுவனமே தனியாக நாட்கள் வைக்கிறது. உங்களைப் போன்றவர் பதிவு செய்யும் முன் போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்பது. ஐந்துக்கு மேல் என்றால் யோசியுங்கள். குழு பிரிப்பது சிசியை வைத்தா, அனுபவத்தை வைத்தா என்றும் கேளுங்கள். சிசி என்றால் பணம் உள்ளவரும் ஓட்டத் தெரிந்தவரும் ஒரே குழுவில் மாட்டுவார்கள், ஆபத்து. ஆம்புலன்ஸ் நாள் முழுக்க நிற்குமா என்று கேட்க வெட்கப்படாதீர்கள். கவசம் விஷயத்தில் கறார் காட்டாத இடத்துக்குப் போகவே வேண்டாம். கணுக்கால் மூடும் பூட்ஸ் இல்லாதவனைத் திருப்பி அனுப்புகிற பள்ளிதான் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருக்கும். இன்னொன்று, வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிடு என்று சிலர் தொடங்குவார்கள், லேசான பிரேக்கோடு வளைவுக்குள் போ என்று சிலர் தொடங்குவார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. அடுத்தடுத்த மாதத்தில் இரண்டையும் கலந்து குழம்பாதீர்கள்.

கேடிஎம் 390 தாராளமாகப் போதும், பெரிய வண்டி வாங்கிய பிறகு போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். டயரும் பிரேக் பட்டையும் நன்றாக இருக்கட்டும். காற்றழுத்தத்தை அங்கே சொல்லும் அளவுக்குக் குறையுங்கள், திரும்பும்போது மறக்காமல் ஏற்றுங்கள். வழக்கமான வாகனக் காப்பீட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை. டிராக்கில் விழுந்தால் செலவு உங்களுடையது என்று நினைத்துக்கொண்டே போங்கள். அதற்காகப் பயந்து நின்றுவிடவும் வேண்டாம், முதல் நிலையில் யாரும் உங்களைப் பறக்கச் சொல்லப்போவதில்லை.

கோவையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு வருகிறீர்களானால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். நாள் முழுக்க வெயிலில் ஓட்டிவிட்டு இரவில் நெடுஞ்சாலை ஏறுவது முட்டாள்தனம். நண்பர்கள் இருவர் சேர்ந்தால் ஒரு சிறிய சரக்கு வண்டி வாடகை கட்டுப்படியாகும். ஏற்றும்போது பெல்ட்டை ஹேண்டில்பார் கைப்பிடியில் கட்டவிடாதீர்கள், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் அடிப்பட்டையில் கட்டச் சொல்லுங்கள். ஓட்டுநர் அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள்.