தலை போகிற கேள்வி

கேள்வி: என் பையன் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரை விடாமல் பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இரண்டு சீசன் பார்த்துவிட்டேன். எப்போது பார்த்தாலும் தலையை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இந்தத் தொடரின் பலம் என்ன, பலவீனம் என்ன? தலை வெட்டுவதில் அப்படி என்ன கதை இருந்துவிடப் போகிறது?
- பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், குடியாத்தம்.

பதில்: ஆம்பூரிலிருந்தோ ராணிப்பேட்டையிலிருந்தோ இதைக் கேட்டிருந்தால் மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பேன். குடியாத்தத்தில் உட்கார்ந்துகொண்டு ‘தலை வெட்டுவதில் என்ன கதை’ என்று கேட்கிறீர்களே, உங்களை என்ன செய்வது? வைகாசி முதல் தேதி உங்கள் ஊரில் கால் வைக்க இடமில்லாமல் கூட்டம் கூடுகிறதே, எதைப் பார்க்க? கெங்கையம்மன் சிரசைப் பார்க்க. சிரசு என்று மரியாதையாகச் சொன்னாலும் அது வெட்டுப்பட்ட தலைதான். அப்பா சொன்னார் என்று பரசுராமன் அம்மா ரேணுகாவின் தலையை வெட்டினான். அப்புறம் அதே அப்பாவிடம் வரம் கேட்டு அவளை எழுப்பினான். அவசரத்தில் தலை ஒருத்தியுடையது, உடம்பு வேறொருத்தியுடையது என்று ஆகிவிட்டது. அந்த வேறு உடம்பின் மேல்தான் கோபாலபுரம் கோயிலில் சிரசைப் பொருத்துகிறார்கள். வெட்டியதோடு நின்றிருந்தால் அது போலீஸ் கேஸ். வெட்டிய பிறகும் கதை ஓடியதால் உங்கள் ஊருக்கு ஒரு திருவிழா கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் சொன்னதன் காரணம் இப்போது எனக்குப் புரிகிறது.

மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தைஷோ காலத்து ஜப்பான், அதாவது 1912 முதல் 1926 வரை. மலையில் கரி சுட்டு விற்கும் பையன் டாஞ்ஜிரோ. ஒருநாள் வீடு திரும்பினால் குடும்பமே செத்துக் கிடக்கிறது. தங்கை நெசுகோ மட்டும் மிச்சம், அவளும் அரக்கியாக மாறிவிட்டாள். அவளை ஒரு பெட்டியில் வைத்து முதுகில் சுமந்துகொண்டு, திரும்ப மனுஷியாக்க வழி தேடிக் கிளம்புகிறான். அரக்கர்கள் வெயில் பட்டால் சாவார்கள். இல்லாவிட்டால் அதற்கென்று அடித்த வாளால் தலையை எடுக்க வேண்டும். (வெயிலுக்குச் செத்துவிடுகிற அரக்கன் ஜப்பானோடு இருப்பதுதான் அவனுக்கு நல்லது. சித்திரை மாதம் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கினால் மேம்பாலம் தாண்ட மாட்டான்.)

இனி பலம். முதல் சீசனில் ரூயி என்று ஒரு சிலந்திப் பொடியன் வருகிறானே, ஞாபகம் இருக்கிறதா? மற்ற அரக்கர்களை மிரட்டி அப்பா, அம்மா, அக்கா என்று வேஷம் போட வைத்துக் குடும்பம் நடத்துகிறவன். தலை போன பிறகு அவன் உடம்பு தட்டுத் தடுமாறி டாஞ்ஜிரோ பக்கம் வருகிறது. அதுவரை அவனோடு உயிரைக் கொடுத்துச் சண்டை போட்ட பையன் அவன் முதுகில் கை வைக்கிறான். அப்போதுதான் ரூயிக்குத் தன் சொந்த அப்பா அம்மா நினைவு வருகிறது. உடம்பு கரைந்து, வெறும் துணி தரையில் கிடக்கிறது. தலையை எடுத்த பெரிய வீரன் கியூ அந்தத் துணியை மிதித்துக்கொண்டு நிற்கிறான். ‘காலை எடுங்கள்’ என்கிறான் டாஞ்ஜிரோ. சண்டைக் காட்சிகளை எல்லாரும் புகழ்கிறார்கள், புகழட்டும். யூஃபோடேபிள் ஸ்டூடியோக்காரர்கள் வாள் வீச்சில் தண்ணீரைப் பழைய ஜப்பானிய மரக்கட்டை ஓவியத்து அலை மாதிரி சுழல விட்டிருப்பது கண்ணுக்கு விருந்துதான். எனக்கு அந்தத் துணியும் அந்தக் காலும் போதும்.

‘இதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம், பத்திரிகையில் எதற்கு’ என்று மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடும் ஆரணி நண்பர் இந்த இடத்தில் பேனாவை எடுப்பார். எடுக்கட்டும். செத்த எதிரிக்காக அழுவது அவர் ஊர்ப் பக்கத்தில் தெரியாத விஷயமா? வடாற்காட்டில் திரௌபதியம்மன் கோயில் இருக்கும் கிராமம் எதற்காவது படுகளத்தன்று போய்ப் பாருங்கள். தரையில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் கிடப்பான். பீமன் வேடக்காரர் தொடையில் அடிப்பார், ஜனம் ஆர்ப்பரிக்கும். அது அடங்கும் முன்னே காந்தாரி வேடம் கட்டியவர் முறமும் துடைப்பமுமாக வந்து ஒப்பாரி வைப்பார். ஆர்ப்பரித்த அதே பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். நானும் துடைத்திருக்கிறேன், துண்டால்.

பலவீனத்தையும் அந்தக் கூத்துக்களத்தில் நின்றே பார்க்கலாம். கூத்தில் துரியோதனன் எப்படி வருகிறான்? இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று தான் யார், தன் பெருமை என்ன என்று பாடிவிட்டுத்தான் முகத்தைக் காட்டுவான். பல ராத்திரி அவனோடு நாம் கண்விழித்திருக்கிறோம். அதனால் படுகளத்தில் வரும் அழுகை கடனில்லாத அழுகை. இந்தத் தொடரில் முறை தலைகீழ். அரக்கன் வருவான், ஆளைத் தின்பான், அட்டகாசம் செய்வான், தலை உருளும். உருண்டு முடித்த பிறகு, ‘பாவம், அவன் சின்ன வயதில்...’ என்று ஆரம்பிப்பார்கள். முதல் தடவை நெஞ்சை அடைக்கும். நாலாவது தடவை தலை தரையைத் தொடும் முன்னே நான், ‘ம், அம்மாவைக் கூப்பிடு’ என்று சொல்லிவிட்டேன். என் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ரூயி விஷயத்தில் அது பலித்ததற்குக் காரணம் உண்டு. அவன் குடும்பப் பைத்தியம் என்பது தலை போவதற்கு முன்பே நமக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு குறை, கட்டியங்காரன். கூத்தில் நடப்பதை நமக்கு விளக்கிச் சொல்ல அவன் ஒருவன்தான், அதற்குத்தான் அவனுக்குக் கூலி. இங்கே எல்லாருமே கட்டியங்காரர்கள். வாள் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது டாஞ்ஜிரோ மனசுக்குள், ‘எதிரி வேகமானவன், கை வலிக்கிறது, ஆனாலும் விடக்கூடாது’ என்று நமக்குத் தகவல் அறிக்கை வாசிக்கிறான். கை வலிப்பதை அந்தப் படம் வரைந்தவர்கள் எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார்கள்! அவர்களை நம்பியிருக்கலாம். டாஞ்ஜிரோவின் கூட்டாளி ஜெனிட்சுவின் அலறலைப் பற்றி நான் பேசப் போவதில்லை. மேல்வீட்டுக்காரர் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார்.

அரக்கர்களை வேட்டையாடும் படையில் ஒன்பது பெரிய வீரர்களுக்கு ‘ஹஷிரா’ என்று பட்டம். ஜப்பானியில் தூண் என்று அர்த்தம். தூண் என்றதும் எனக்கு வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபம்தான். அங்கே யாளிக்கும் குதிரைக்கும் தூணிலிருந்து பாய்ந்து வரும் உருவம் இருக்கிறது. இந்த ஒன்பதில் பாதிப் பேர் வெகுநாள் சுவரை ஒட்டி நிற்கும் வெறும் தூண்தான். அதை ஈடுகட்டுவதற்காக 2024இல் பயிற்சிக்கென்றே எட்டு எபிசோட் போட்டு இழுத்தார்கள். கோயில் பேச்சு வந்ததால் சொல்கிறேன், ‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு’ என்று வேலூரைப் பற்றிப் பழைய வசனம் சொல்லி இனி யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். 1981இல் லிங்கத்தை சத்துவாச்சாரியிலிருந்து கொண்டுவந்து பிரதிஷ்டை செய்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீர் இல்லாத ஆறு என்ற பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த காட்சியை நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் சீசன் கடைசி எபிசோட். அரக்கர் தலைவன் முசான், கீழ்வரிசை அரக்கர்களை வரச்சொல்லி ஆய்வுக் கூட்டம் நடத்துகிறான். ஏன் இவ்வளவு பலவீனமாக இருக்கிறீர்கள் என்று கேள்வி. பதில் சொன்னால் கொலை, சொல்லாவிட்டால் கொலை, மனசுக்குள் நினைத்தாலே கொலை. ஓடப் பார்த்தவன் ஓடி முடிக்கவில்லை. கடைசியில் ஒருவன் மட்டும், ‘உங்கள் கையால் சாவது பாக்கியம்’ என்கிறான், அவனுக்குப் பதவி உயர்வு! மார்ச் மாதக் கடைசியில் இலக்கை எட்டாமல் மேலதிகாரி முன்னால் உட்கார்ந்த அனுபவம் உள்ள எவருக்கும் அது கற்பனைக் கதையாகத் தெரியாது. எனக்கு ஒரு பழைய மேலதிகாரி இருந்தார். கிமோனோ மட்டும்தான் கட்டியதில்லை.

மூலக்கதையை 2016 முதல் 2020 வரை வாரப் பத்திரிகையில் எழுதி வரைந்த கொயோஹாரு கொதோகே 23 தொகுதிகளோடு நிறுத்திக்கொண்டார். முகம் காட்டாத மனிதர். தன்னைக் கண்ணாடி போட்ட முதலையாகத்தான் வரைந்துகொள்கிறார். நம் கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலைகள் விட்டிருந்ததாகச் சொல்வார்கள். அதில் ஒன்று தப்பி ஜப்பான் பக்கம் போயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வருகிற வைகாசி ஒன்றாம் தேதி சிரசு பார்க்க நான் குடியாத்தம் வருகிறேன். பையனைத் தோளில் ஏற்றிக்கொண்டு நீங்களும் வாருங்கள். மத்தியானச் சாப்பாடு உங்கள் வீட்டில். முள்ளு கத்தரிக்காய் இருந்தால் போதும், வேறு எதுவும் சிரமப்பட வேண்டாம்.