பாய்மரப் படகுப் போட்டி விதிகள் 2025-ல் மாறிவிட்டன. கிளப்பில் ஓட்டுகிறவர்கள் எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டுமா?

கேட்டவர் காட்பாடியில் படிக்கும் மாணவர். விடுமுறை நாட்களில் சென்னைக்குப் போய் லேசர் என்ற, ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகை ஓட்டப் பழகுகிறார். பழைய விதிப் புத்தகத்தைப் படித்து முடித்த நேரத்தில் புதுப் பதிப்பு வந்துவிட்டதாம்.

படித்தது வீண் போகவில்லை. இந்த விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்டு செய்லிங் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை விதிகளைத் திருத்தி வெளியிடும். இப்போது நடப்பில் இருப்பது 2025 ஜனவரி 1 முதல் 2028 வரைக்கானது. அடிப்படை அப்படியேதான் இருக்கிறது: போர்ட் டேக்கில், அதாவது இடப்பக்கம் காற்று வாங்கி வருகிறவர், ஸ்டார்போர்டு டேக்கில், அதாவது வலப்பக்கம் காற்று வாங்கி வருகிறவருக்கு வழிவிட வேண்டும், ஒரே டேக்கில் பக்கவாட்டில் போனால் காற்று வரும் பக்கம் இருப்பவர் ஒதுங்க வேண்டும்.

நம்மைப் போன்ற கிளப் ஆட்களுக்கு முக்கியமான மாற்றம், என் பார்வையில், 14-வது விதிதான். முன்பு அது ஒரே வேலையைத்தான் சொன்னது: முடிந்தவரை இன்னொரு படகின் மேல் மோதாதே. இப்போது இன்னும் இரண்டு சேர்ந்திருக்கிறது. மற்ற படகுகள் ஒன்றோடொன்று மோத நீ காரணமாகாதே; தவிர்க்க வேண்டிய பொருள் எதன் மீதும் ஒரு படகு மோதவும் காரணமாகாதே.

மார்க்கை, அதாவது திருப்பத்தில் போட்டிருக்கும் மிதவையை, மூன்று படகுகள் நெருங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருப்பவர் உள்ளே நெருக்குகிறார். நடுவில் இருப்பவர் அவரைத் தவிர்க்கச் சுக்கானை வெட்டித் திருப்ப, உள்ளே இருக்கும் மூன்றாவது படகின் பக்கவாட்டில் இவர் மூக்கு போய்க் குத்துகிறது. நெருக்கியவர் யாரையும் தொடவே இல்லை. முன்பு வேறு விதிகளில் அவரைப் பிடிக்க முடிந்தாலும் 14-வது விதியில் பிடிக்க முடியாது. இனி முடியும். சின்ன கிளப்பில், புதிதாகப் பழகுகிற பிள்ளைகளும் அனுபவசாலிகளும் ஒரே ரேஸில் ஓட்டும் இடத்தில், இது மிகவும் தேவையான திருத்தம். இப்படி நெருக்கப்பட்டு, இன்னொரு படகின் பக்கத்தில் ஃபைபர் விரிசல் விட்டு, கடைசியில் நடுவில் மாட்டிய பையன் தலையில் பழி விழுந்ததை நான் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே இருந்தவர் நிம்மதியாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இதோடு பழைய விதி ஒன்றையும் சேர்த்துப் படியுங்கள். வழி உரிமை உள்ளவர், எதிராளி ஒதுங்கப் போவதில்லை என்று தெளிவாகும் வரை விலக வேண்டியதில்லை. ஆனால் தெளிவான பிறகும் பிடிவாதமாக வந்து மோதி, சேதமோ காயமோ ஆனால், அவரும் குற்றவாளிதான். ‘எனக்குத்தானே உரிமை’ என்று கத்துவது அங்கே எடுபடாது.

அடுத்தது மார்க் ரூம், அதாவது மார்க்கைச் சுற்ற உள்ளே இருப்பவருக்கு மற்றவர் விட வேண்டிய இடம். இந்தக் கணக்கு மார்க்கிலிருந்து மூன்று படகு நீளத் தூரத்தில் தொடங்குகிறது. லேசர் என்றால் சுமார் 12.7 மீட்டர், அவ்வளவுதான். மிதவையை அடைய, அதைச் சுற்ற இடம் தர வேண்டும் என்பது முன்பே உண்டு. இப்போது, அதைப் பின்னால் விடும் வரை என்றும் வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். இடம் கொடுக்கும் கடமை எப்போது முடிகிறது என்று கரையில் நடக்கும் சண்டை பாதி குறையும்.

புகார் செய்யும் பகுதி முழுவதையும் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள், எண்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. எண்ணை மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் தலைவலி. செய்ய வேண்டியது மாறவில்லை: சம்பவம் நடந்த கையோடு ‘ப்ரொட்டெஸ்ட்’ என்று குரல் கொடுக்க வேண்டும். 6 மீட்டருக்குக் குறைவான படகு புகாருக்கு அடையாளமாகச் சிவப்புக் கொடி காட்டத் தேவையில்லை, ஆகவே லேசரில் குரல் போதும். தப்பு செய்தவர் தண்டனையாகத் தானாகவே தன் படகை இரண்டு முழுச் சுற்று திருப்பிவிட்டால் பெரும்பாலும் விஷயம் அங்கேயே தீர்ந்துவிடும். மார்க்கைத் தொட்டதற்கு ஒரு சுற்று.

அப்புறம், தொடக்கக் கோட்டையும் முடிவுக் கோட்டையும் படகின் உடல்தான் கடக்க வேண்டும். நீட்டிய கையோ முன்னால் துருத்தும் கம்போ கணக்கில் வராது. இது 2021-லேயே வந்த மாற்றம், இன்னும் பலர் பழையதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான் இருக்கிறது, வேலூரில் இருந்துகொண்டு இதை எப்படிப் பழகுவது என்று கேட்டிருந்தீர்கள். விதியைப் பழகத் தண்ணீர் தேவையில்லை. மொட்டை மாடியில் சாக்பீஸால் காற்றின் திசையை வரைந்து, செருப்புகளைப் படகாக வைத்து நகர்த்திப் பாருங்கள். மேலே சொன்ன மூன்று படகுச் சம்பவத்தை ஒவ்வொரு படகின் இடத்திலும் இருந்து யோசியுங்கள். இரண்டு ஒலிம்பிக்கில் ஓட்டி, 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர்தான். கடல் இல்லாத ஊர் என்பதால் நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை.

புத்தகம் வேர்ல்டு செய்லிங் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் வரையறைகள், பிறகு படகுகள் சந்திக்கும்போது நடக்க வேண்டிய முறையைச் சொல்லும் இரண்டாம் பகுதி. இந்த இரண்டையும் எந்த கிளப்பும் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மற்ற சிலவற்றை மாற்றலாம் என்பதால், ரேஸ் அன்று காலையில் கிளப்பின் போட்டிக் குறிப்பை வாங்கிப் படித்துவிட்டு இறங்குங்கள்.