ஆஸ்திரியாவின் மெல்க்–கிரெம்ஸ் தன்யூப் சைக்கிள் பாதை: தென்கரையிலிருந்து வடகரை ஊரான டுர்ன்ஸ்டைனுக்கு எப்படிக் கடப்பது?

கிரெம்ஸ் பாலம் வரை சுற்ற வேண்டாம். செயின்ட் லோரென்ஸில் படகு ஏறி எதிர்க்கரை வைசன்கிர்ஷனில் இறங்குங்கள், சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். அங்கிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியே சுமார் 6 கி.மீ.தான்.

உங்கள் வரைபடச் செயலி பாலத்துக்கே அனுப்புகிறது என்றால், பெரும்பாலும் 'படகைத் தவிர்' என்ற தேர்வு இயக்கத்தில் இருக்கும். அதை அணைத்துவிட்டு மறுபடி தேடிப் பாருங்கள். மெல்க்கைத் தாண்டினால், கிரெம்ஸுக்கு எதிர்க்கரையில் உள்ள மௌட்டர்ன் வரை பாலமே கிடையாது.

அந்தப் படகுக்கு இன்ஜின் இல்லை. ஆற்றின் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடித்தபடி நீரோட்டத்தாலேயே நகரும். அந்த அமைதிக்காகவே ஏறலாம்!

ஆனால் ஆற்றில் வெள்ளம் ஏறினால் ஓடாது, மாலையிலும் நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.